கன்ட்ரோல்+ஆல்ட் காலி மனை அல்ல: மூன்று மொழி மேசையில் குறுக்குவிசை அமைப்பது

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பத்திரங்களைப் பார்த்துத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அடித்துக் கொடுக்கும் மேசைகளில் வரக்கூடிய கோளாறு இது. விசைப்பலகை கடையில் கிடைக்கும் சாதாரண ஆங்கிலப் பலகைதான். விண்டோஸில் பிரெஞ்சு எழுத்தமைப்பையும் (எந்த விசை எந்த எழுத்தைத் தரும் என்ற ஏற்பாடு) சேர்த்து வைத்திருப்பார்கள். லிப்ரெஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் ஒரு வரி தவறுதலாக அழிந்துபோனது. மீட்பதற்கு கன்ட்ரோல்+இசட் அமுக்கினால் வரி திரும்ப வருவதில்லை, கோப்பு மூடிக்கொள்ளப் பார்க்கிறது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்க கன்ட்ரோல்+ஏ அமுக்கினால் லிப்ரெஆபிஸே வெளியேறக் கிளம்புகிறது. கணினிக்குள் வைரஸ் புகுந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும்.

வைரஸ் எதுவும் இல்லை. பிரெஞ்சு அமைப்பில் ஏ எழுத்தும் க்யூ எழுத்தும் இடம் மாறி நிற்கும். இசட்டும் டபிள்யூவும் அப்படியே. பலகையில் இசட் என்று அச்சிட்ட விசையை அமுக்கும்போது கணினிக்குப் போய்ச் சேருவது டபிள்யூ. கன்ட்ரோல்+டபிள்யூ என்றால் பெரும்பாலான மென்பொருள்களில் ‘இதை மூடு’ என்று பொருள். ஏ என்று அச்சிட்ட விசை க்யூ ஆகிவிடுகிறது. கன்ட்ரோல்+க்யூ என்றால் லிப்ரெஆபிஸில் ‘வெளியேறு’. விரல் பழகிய இடத்துக்குத்தான் போயிருக்கிறது. அந்த இடத்தில் குடியிருக்கும் எழுத்துதான் வேறு.

எழுதவும் திருத்தவும் உதவும் மென்பொருளான எடிட்டரில் சொந்தமாகக் குறுக்குவிசை, அதாவது ஒரு கட்டளையை நேரடியாக இயக்கும் விசைக்கூட்டு, அமைப்பதற்கான வழிமுறைகள் பெரும்பாலும் ஒரே எழுத்தமைப்பில் வேலை செய்கிறவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. 1826-இல் தொடங்கிய பிரெஞ்சு லிசே (பள்ளி) இன்றும் நடக்கிற ஊருக்கு அது போதாது. தமிழ்99 என்ற தமிழ் எழுத்தமைப்பு, பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றும் ஒரே மேசையில் புழங்குகின்றன. அங்கே எந்தக் கட்டளைக்கு எந்த விசை என்று யோசிப்பதற்கு முன்னால், எந்த விசைக்கூட்டு ஏற்கெனவே யாருக்குச் சொந்தம் என்று தெரிந்தாக வேண்டும். மனை வாங்குவதற்கு முன் வில்லங்கம் பார்ப்பது போலத்தான்.

தனியாக அமுக்கினால் எதையும் எழுதாமல், இன்னொரு விசையோடு சேரும்போது அதன் வேலையை மாற்றுகிறவற்றைத் துணைவிசைகள் என்று இங்கே சொல்கிறோம். ஷிஃப்ட், கன்ட்ரோல், ஆல்ட், விண்டோஸ் விசை ஆகியவை. மடிக்கணினியில் இருக்கும் எஃப்என் விசை பார்வைக்கு இவற்றோடு சேர்ந்தது போல இருக்கும். ஆனால் வழக்கமாக அதை விசைப்பலகைக்குள் இருக்கும் சிப்பே கையாண்டுவிடுகிறது. எடிட்டருக்கு அப்படி ஒன்று அமுக்கப்பட்டதே தெரியாது. ஆகவே எஃப்என் விசையை வைத்துக் குறுக்குவிசை அமைக்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இவற்றில் மூத்தது ஷிஃப்ட். 1878-இல் வந்த ரெமிங்டன் 2 தட்டச்சுப் பொறியில் அந்த விசை உண்மையாகவே நகர்த்தியது. ஒவ்வொரு அச்சுக் கம்பியிலும் சிறிய எழுத்து, பெரிய எழுத்து இரண்டும் இருக்க, ஷிஃப்ட் அமுக்கினால் உருளை இடம் பெயர்ந்து பெரிய எழுத்து விழும். கடலூர் மஞ்சக்குப்பத்திலோ திருப்பாதிரிப்புலியூரிலோ தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் படித்தவர்களுக்கு ஷிஃப்டைப் பற்றிய முதல் பாடம் மறந்திருக்காது: இடக்கை எழுத்துக்கு வலக்கை ஷிஃப்ட், வலக்கை எழுத்துக்கு இடக்கை ஷிஃப்ட். கணினிக்கு வந்ததும் பலர் இதைக் கைவிட்டு, இடக்கைச் சுண்டுவிரலாலேயே கன்ட்ரோலையும் ஷிஃப்டையும் பிடித்துக்கொண்டு அதே கையின் இன்னொரு விரலால் எழுத்தை எட்டுகிறார்கள். மணிக்கட்டு வலி பலருக்கு இங்கேதான் தொடங்குகிறது. குறுக்குவிசை தேர்ந்தெடுக்கும்போதும் அந்தப் பழைய விதியையே பிடித்துக்கொள்ளலாம். இடப்பக்கக் கன்ட்ரோலோடு சேர்ப்பதற்கு ஜே, கே, எல், யு, ஐ, ஓ போன்ற வலப்பக்க எழுத்துகள்தான் கைக்கு நல்லவை.

கன்ட்ரோலின் கதை வேறு. தொலைதட்டச்சுக் காலத்தில் அது ஒரு கழித்தல் கணக்கு. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி அட்டவணையில் பெரிய ஐ எழுத்தின் எண் 73. கன்ட்ரோலோடு அமுக்கினால் அதிலிருந்து 64 கழிந்து 9 கிடைக்கும். 9 என்பது டேப். எம் எழுத்து 77. 64 போக 13, அது என்டர். எச் எழுத்து 72. 64 போக 8, அது பேக்ஸ்பேஸ். இடப்பக்கச் சதுர அடைப்புக்குறி 91; 64 போக 27, அது எஸ்கேப். கட்டளைகளை எழுத்தாக அடிக்கும் சாளரமான டெர்மினலுக்குள் ஓடும் விம், நானோ போன்ற எடிட்டர்களில் இந்தக் கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. கன்ட்ரோல்+ஐ-க்கு நீங்கள் ஒரு வேலை கொடுத்தால் டேப் விசையும் அதே வேலையைச் செய்யத் தொடங்கும், ஏனென்றால் இரண்டும் ஒரே எண்ணாகத்தான் உள்ளே போகின்றன. கன்ட்ரோல்+ஷிஃப்ட்+எழுத்து என்ற கூட்டும் பெரும்பாலான டெர்மினல்களில் வெறும் கன்ட்ரோல்+எழுத்தாகவே போய்ச் சேரும். கழித்த பிறகு பெரிய எழுத்துக்கும் சின்ன எழுத்துக்கும் வேறுபாடு மிஞ்சுவதில்லை.

டெர்மினலில் கன்ட்ரோல்+எஸ் அமுக்கினால் திரை உறைந்து நிற்பதற்கும் இதுதான் காரணம். எஸ் எழுத்து 83. 64 போக 19. அந்த எண்ணுக்குப் பழைய பொருள் ‘அனுப்புவதை நிறுத்து’. கன்ட்ரோல்+க்யூ, அதாவது 17, ‘மறுபடி அனுப்பு’. சேமிக்கும் பழக்கத்தில் கை கன்ட்ரோல்+எஸ் அடித்துவிட்டுக் கணினி தொங்கிவிட்டது என்று சுவிட்சை அணைக்கும் மாணவர்கள் கன்ட்ரோல்+க்யூ ஒன்றைத் தெரிந்து வைத்திருந்தால் எழுதியது தப்பும்.

இனி ஆல்ட். இதில்தான் நம் ஊருக்கான முக்கியமான சிக்கல் இருக்கிறது.

ஐரோப்பிய விசைப்பலகைகளில் வலப்பக்க ஆல்ட் ஒரு தனி விசை. ஆல்ட்ஜிஆர் என்று பெயர். விசையின் மூன்றாவது எழுத்தை எழுதுவது அதன் வேலை. பிரெஞ்சு அமைப்பில் மின்னஞ்சல் முகவரிக்கான அட் குறி ஆல்ட்ஜிஆர்+0. நிரல் எழுதுகிறவர்களுக்கு வேண்டிய நெளிவு அடைப்புக்குறி ஆல்ட்ஜிஆர்+4, சதுர அடைப்புக்குறி ஆல்ட்ஜிஆர்+5, பின்சாய்கோடு ஆல்ட்ஜிஆர்+8, யூரோ குறி ஆல்ட்ஜிஆர்+ஈ. இது பிரெஞ்சுக்காரர்களின் கவலை மட்டும் அல்ல. விண்டோஸில் ‘ஆங்கிலம், இந்தியா’ அமைப்பைப் போட்டிருந்தால் நம் ரூபாய்க் குறியும் ஆல்ட்ஜிஆர்+4-இல்தான் கிடைக்கிறது. 2010-இல் அரசு ஏற்ற அந்தக் குறியை வடித்த உதயகுமார் தர்மலிங்கம் கள்ளக்குறிச்சியில் பிறந்தவர், கடலூர் மாவட்டத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். இந்தப் பக்கத்துக் கணினிகளில் அந்தக் குறி வராமல் போவது கூடுதலாக உறுத்துகிறது.

வராமல் போவதற்குக் காரணம், ஆல்ட்ஜிஆர் இருக்கும் அமைப்புகளில் விண்டோஸுக்கு ஆல்ட்ஜிஆரும் கன்ட்ரோல்+ஆல்ட்டும் ஒன்று. வலப்பக்க ஆல்ட்டை அமுக்கியதும் விண்டோஸ் தானாகவே ஒரு இடப்பக்கக் கன்ட்ரோலும் அமுக்கப்பட்டதாகக் கணக்கு எழுதிக்கொள்ளும். எடிட்டர் பார்ப்பது கன்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்த கூட்டை. ஆகவே எடிட்டரில் கன்ட்ரோல்+ஆல்ட்+4-க்கு நீங்கள் ‘நான்காம் நிலைத் தலைப்பு’ என்று வேலை கொடுத்துவிட்டால், அடுத்த முறை ரூபாய்க் குறி அடிக்கப் போகும்போது வரி தலைப்பாக மாறும், குறி விழாது. கன்ட்ரோல்+ஆல்ட்+ஈ-க்கு ஏதாவது கொடுத்தால் யூரோ போய்விடும். அமெரிக்க ஆங்கில அமைப்பில் ஆல்ட்ஜிஆர் என்ற ஒன்றே கிடையாது. அங்கே வலப்பக்க ஆல்ட்டும் சாதாரண ஆல்ட்தான். அந்த அமைப்பில் சோதித்துப் பார்த்து ‘நன்றாக வேலை செய்கிறதே’ என்று விட்டுவிட்ட குறுக்குவிசை, அமைப்பு மாறிய நிமிடத்தில் தகராறு செய்வது இதனால்தான். தன் கணினியில் நன்றாக இருந்தது அலுவலகக் கணினியில் கெடுவதும் அதே காரணத்தால்.

இதோடு முடியவில்லை. டெஸ்க்டாப்பில் இருக்கும் ஒரு ஐகானை வலது சொடுக்கி, ப்ராப்பர்ட்டீஸில் ஷார்ட்கட் கீ என்ற பெட்டியில் ஒரு எழுத்தை அடித்தால் விண்டோஸ் தானாகவே அதற்கு முன்னால் கன்ட்ரோல்+ஆல்ட் சேர்த்துக்கொள்ளும். எப்போதோ யாரோ அமைத்துவிட்டுப் போன அந்த ஒரு எழுத்து எல்லா மென்பொருளுக்கும் முன்னால் போய் விசையைப் பிடித்துக்கொள்ளும். பழைய இன்டெல் திரை டிரைவர்களில் கன்ட்ரோல்+ஆல்ட்+அம்புக்குறி அமுக்கினால் திரை தலைகீழாகத் திரும்பும். நிரல் எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் விஷுவல் ஸ்டுடியோ கோட் என்ற எடிட்டரில் ஒரே நேரத்தில் பல கர்சர் வைக்கும் விசையும் அதுவேதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் சேர்த்தும் பிரித்தும் ஏழு கூட்டுகள் கிடைக்கும். வெறும் ஷிஃப்ட் எழுத்து எழுதுவதற்கு, அது போய்விட்டது. கன்ட்ரோல்+ஆல்ட், அதோடு ஷிஃப்ட் சேர்ந்தது, இரண்டும் ஆல்ட்ஜிஆருக்குச் சொந்தம். மிஞ்சுவது நான்கு: கன்ட்ரோல், ஆல்ட், கன்ட்ரோல்+ஷிஃப்ட், ஆல்ட்+ஷிஃப்ட். வெறும் ஆல்ட்டில் பாதி மெனுக்களுக்குப் போய்விடும். ஆல்ட்+எஃப் என்றால் ஃபைல் மெனு திறக்கும். என்.எச்.எம். ரைட்டர் வைத்துத் தமிழ் அடிப்பவர்கள் மொழி மாற்ற ஆல்ட்டோடு எண்ணை அமுக்கிப் பழகியிருப்பார்கள். விஷுவல் ஸ்டுடியோ கோடில் ஆல்ட்+1 முதல் தாவலுக்குத் தாவுவதற்கான விசை. என்.எச்.எம். ஓடும்போது அது முந்திக்கொள்ளும். எடிட்டருக்கு அந்த விசை போய்ச் சேராது.

ஆல்ட்+ஷிஃப்டிலும் ஒரு பொறி உண்டு. விண்டோஸில் ஒன்றுக்கு மேற்பட்ட மொழி இருந்தால் இடப்பக்க ஆல்ட்+ஷிஃப்ட் மொழியை மாற்றும். வரியை நகலெடுக்கும் ஆல்ட்+ஷிஃப்ட்+கீழ் அம்பு போன்ற ஒன்றை அடிக்கப் போய், இரண்டு துணைவிசைகளையும் பிடித்தபின் மனம் மாறி விட்டுவிட்டால் மொழி மாறியிருக்கும். அடுத்து அடிப்பது தமிழாக விழும், அல்லது பிரெஞ்சு அமைப்பாகி, முதலில் சொன்ன கன்ட்ரோல்+இசட் விபத்து நடக்கும். இதை அணைத்துவிடுவது நல்லது. செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்வேஜ், அதில் டைப்பிங், அதில் அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ், கீழே இன்புட் லாங்வேஜ் ஹாட் கீஸ் என்ற இணைப்பு. திறக்கும் சின்னப் பெட்டியில் சேஞ்ச் கீ சீக்வென்ஸ் பொத்தானை அமுக்கி இரண்டு பகுதியிலும் நாட் அசைன்டு என்று வைத்துவிடுங்கள். மொழி மாற்ற விண்டோஸ் விசை+ஸ்பேஸ் இருக்கிறது; அது திரையில் பட்டியல் காட்டி மாற்றுவதால் தெரியாமல் மாறிப்போகும் ஆபத்து குறைவு. அதே அட்வான்ஸ்டு பக்கத்தில், ஒவ்வொரு சாளரத்துக்கும் தனி உள்ளீட்டு முறை வைத்துக்கொள்ளும் ஒரு தேர்வுப் பெட்டி உண்டு. அதை டிக் செய்தால் லிப்ரெஆபிஸில் பிரெஞ்சும் எடிட்டரில் ஆங்கிலமும் கலக்காமல் நிற்கும். மூன்று மொழியில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த ஒரு டிக் பத்துக் குறுக்குவிசைக்குச் சமம்.

லினக்ஸில் இடைஞ்சல்கள் வேறு. ஐபஸ் உள்ளீட்டு முறையில் கன்ட்ரோல்+முற்றுப்புள்ளி எமோஜிக்கு வைக்கப்பட்டிருக்கலாம். விஷுவல் ஸ்டுடியோ கோடில் பிழைதிருத்தப் பரிந்துரை தரும் விசை அதுதான். ஐபஸ் அமைப்புச் சாளரத்தின் எமோஜி தாவலில் போய் நீக்கலாம். எஃப்சிஐடிஎக்ஸ் என்ற இன்னொரு உள்ளீட்டு முறையை வைத்திருந்தால் மொழி மாற்ற கன்ட்ரோல்+ஸ்பேஸ். எடிட்டரில் அது சொல் பரிந்துரைக்கான விசை. கன்ட்ரோல்+ஆல்ட்+எஃப்1 முதல் எஃப்6 வரை எழுத்து மட்டும் உள்ள வேறு கன்சோல் திரைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடும். மேக்கில் ஆப்ஷன் விசையே ஆல்ட்ஜிஆர் போல எழுத்து எழுதும். டெர்மினலில் அதைத் துணைவிசையாகப் பயன்படுத்த, ப்ரொஃபைலின் கீபோர்டு பக்கத்தில் ‘ஆப்ஷனை மெட்டாவாகக் கொள்’ என்ற தேர்வை வைக்க வேண்டும்.

இவ்வளவு நெருக்கடியில் எங்கே இடம் கிடைக்கும் என்றால், இரண்டு படி விசையில். முதலில் ஒரு கூட்டு, கையை எடுத்துவிட்டு இன்னொரு கூட்டு. விஷுவல் ஸ்டுடியோ கோடில் கன்ட்ரோல்+கே இப்படி ஒரு வாசல். அதைத் தாண்டியபின் அடிக்கும் இரண்டாவது விசைக்கு வெளியே யாரும் போட்டிக்கு வருவது குறைவு. புதிதாக வேறு வாசல் திறப்பதைவிட இருக்கும் வாசலையே பயன்படுத்துவது மேல் என்பது எங்கள் கருத்து. புதிய வாசலாக ஒரு விசையைத் தேர்ந்தெடுத்தால், அந்த விசை தனியாகச் செய்துவந்த வேலை கைவிட்டுப் போகும். கே எழுத்துக்கு இன்னொரு நன்மையும் உண்டு. ஆங்கில அமைப்பிலும் பிரெஞ்சு அமைப்பிலும் அது ஒரே இடத்தில் இருக்கிறது. ஏ, க்யூ, இசட், டபிள்யூ, எம் ஐந்தும் இடம் மாறுபவை. இந்த ஐந்தையும் சொந்தக் குறுக்குவிசைகளில் தவிர்த்துவிட்டால் மொழி மாறினாலும் விரல் ஏமாறாது. வெட்டு, நகல், ஒட்டு மூன்றுக்கான எக்ஸ், சி, வி இரண்டு அமைப்பிலும் அசையாமல் இருப்பது நம் நல்ல காலம்.

விஷுவல் ஸ்டுடியோ கோடில் செய்முறை இது. கன்ட்ரோல்+கே, பிறகு கன்ட்ரோல்+எஸ் அமுக்கினால் குறுக்குவிசைப் பட்டியல் திறக்கும். தேடல் பெட்டியில் கட்டளையின் பெயரை அடிப்பதற்கு முன், பெட்டியின் வலது ஓரத்தில் இருக்கும் சின்ன விசைப்பலகைப் படத்தைச் சொடுக்குங்கள். இப்போது நீங்கள் அமுக்கும் விசையே தேடலாகும். அந்த விசையை ஏற்கெனவே வைத்திருக்கும் கட்டளைகள் எல்லாம் வரிசையாக வரும். வில்லங்கச் சான்று இதுதான். பட்டியல் காலியாக இருந்தால் எடிட்டருக்குள் போட்டி இல்லை. பதியும்போது ஆங்கில அமைப்பிலேயே இருங்கள்; தமிழ் மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தால் அமுக்கிய விசை வேறாகப் பதிய வாய்ப்பு உண்டு.

பிறகு படத்தை மறுபடி சொடுக்கிப் பதிவை நிறுத்திவிட்டு, கட்டளையின் பெயரைத் தேடி, வரியை இருமுறை சொடுக்கி, விசையை அமுக்கி என்டர் தட்டினால் முடிந்தது. இரண்டு படி விசை வேண்டுமென்றால் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக அமுக்கியபின் என்டர். பழைய விசையை விலக்க, வலது சொடுக்கில் ரிமூவ் கீபைண்டிங். குறுக்குவிசைகள் ஒவ்வொன்றும் ஒரு விதியாகச் சேமிக்கப்படும் கோப்பில், விலக்கியது எப்படி எழுதப்படுகிறது என்று பாருங்கள்: கட்டளையின் பெயருக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி. கைப்படத் திருத்தும்போதும் அதே முறைதான்.

பலரும் விட்டுவிடும் பகுதி நிபந்தனை. ஒவ்வொரு விதியிலும் ‘வென்’ என்று ஒரு புலம் உண்டு; எந்த இடத்தில் இருக்கும்போது இந்த விசை செல்லும் என்று அதில் எழுத வேண்டும். அதைக் காலியாக விட்டால் விசை எல்லா இடத்திலும் செல்லும்: எழுதும் பகுதி, தேடல் பெட்டி, பக்கப்பட்டை எல்லாவற்றிலும். கன்ட்ரோல்+என்டருக்கு நிபந்தனை இல்லாமல் ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள். நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் பகுதியில் கமிட் செய்வதற்கு (மாற்றத்தைப் பதிவதற்கு) இருந்த அதே விசை செத்துவிடும். எழுதும் பகுதிக்கு மட்டும் வேண்டும் என்றால் ‘எடிட்டர் டெக்ஸ்ட் ஃபோகஸ்’ என்ற நிபந்தனையைச் சேர்த்தாலே பெரும்பாலான சண்டைகள் தீர்ந்துவிடும். பட்டியலில் வலது சொடுக்கி சேஞ்ச் வென் எக்ஸ்ப்ரெஷன் வழியாக இதைச் சேர்க்கலாம்.

விதிகள் கீழிருந்து மேலாகப் படிக்கப்படுகின்றன. விசையும் நிபந்தனையும் பொருந்துகிற முதல் விதி கிடைத்ததும் எடிட்டர் நின்றுவிடும். ஒரே விசைக்குப் பொது விதியும் குறிப்பிட்ட விதியும் இருந்தால் குறிப்பிட்டதைக் கீழே வையுங்கள். தலைகீழாக வைத்தால், பொது விதியே எப்போதும் வெல்லும். மேலே இருப்பதற்கு முறை வராது.

அடிக்கடி எழுதும் வாசகத்தை ஒரு விசையில் வைக்க இன்சர்ட் ஸ்னிப்பெட் என்ற கட்டளை உதவும். ‘புதுச்சேரி 605 001’ என்ற முகவரி வரியோ, மொழிபெயர்ப்பின் இறுதியில் வரும் உறுதிமொழியோ எதுவானாலும் சரி. விதியின் ஆர்க்ஸ் பகுதிக்குள் வாசகத்தைக் கொடுக்க வேண்டும். டாலர் குறியும் பூஜ்யமும் சேர்த்து எழுதிய இடத்தில் கர்சர் வந்து நிற்கும். இதனாலேயே வாசகத்தில் உண்மையான டாலர் குறி வந்தால் அதற்கு முன் பின்சாய்கோடு போட வேண்டும். அந்தக் கோப்பின் இலக்கணப்படி பின்சாய்கோட்டையும் இரட்டித்து எழுத வேண்டும். இரண்டு விதிகளுக்கு இடையில் காற்புள்ளி விட்டுப்போவதுதான் இந்தக் கோப்பில் வழக்கமாக நேரும் பிழை. சிவப்பு அலைக்கோடு தெரிந்தால் அந்த இடத்துக்கு முந்தைய வரியின் இறுதியைப் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் விசை வேலை செய்யவில்லை என்றால் ஊகிக்க வேண்டாம். கட்டளைகளின் பெயரை அடித்துத் தேடும் கமாண்ட் பேலட் பெட்டியைத் திறந்து டாகிள் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் ட்ரபுள்ஷூட்டிங் என்பதை இயக்குங்கள். அவுட்புட் பகுதியில் ஒவ்வொரு விசையும் பதிவாகத் தொடங்கும். விசையை அமுக்கியும் ஒரு வரிகூட வரவில்லையா, எடிட்டருக்கு வெளியே யாரோ பிடித்துக்கொண்டார்கள்: விண்டோஸ், டிரைவர், தமிழ் மென்பொருள், டெஸ்க்டாப் ஐகான் என்று ஒவ்வொன்றாகத் தேடலாம். வரி வந்து வேறு கட்டளையின் பெயர் தெரிகிறதா, சண்டை உள்ளே. விதிகளின் வரிசையையும் நிபந்தனையையும் சரிசெய்ய வேண்டும். வேலை முடிந்ததும் அதே கட்டளையால் அணைத்துவிடுங்கள்.

இடம் மாறும் எழுத்துகளைத் தவிர்க்கவே முடியாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. விதியில் எழுத்தின் பெயரைச் சதுர அடைப்புக்குறிக்குள், கீ என்ற சொல்லோடு சேர்த்து எழுதினால் எடிட்டர் எழுத்தைப் பார்க்காமல் விசை இருக்கும் இடத்தைப் பார்க்கும். அமெரிக்கப் பலகையில் இசட் இருக்கும் இடத்துக்கு ‘செய்ததை மீள்’ என்று இப்படிக் கட்டிவிட்டால், எந்த மொழியில் இருந்தாலும் அந்த மூலை விசை மீட்கும் விசையாகவே இருக்கும். அச்சிட்ட பலகை ஆங்கிலமாகவும் அமைப்பு பிரெஞ்சாகவும் இருக்கும் மேசைக்கு இது சரியான மருந்து. உண்மையான பிரெஞ்சுப் பலகை வைத்திருப்பவருக்கு இதுவே நோயாகிவிடும், ஏனென்றால் அவர் பலகையில் அந்த மூலையில் டபிள்யூ என்றே அச்சிட்டிருக்கும்.

நோட்பேட்++ எளிது. செட்டிங்ஸ் மெனுவில் ஷார்ட்கட் மேப்பர். வரியை இருமுறை சொடுக்கினால் கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றுக்கும் டிக் பெட்டிகள், விசைக்கு ஒரு பட்டியல். மோதல் இருந்தால் சாளரத்தின் அடியில் சொல்லும். அதைப் படிக்காமல் ஓகே அமுக்குவதால்தான் பிரச்சினை. இதன் அமைப்புக் கோப்பை நோட்பேட்++ திறந்திருக்கும்போது வேறு எடிட்டரில் திருத்தினால், மூடும்போது அது பழையதையே மேலே எழுதிவிடக்கூடும், மூடிவிட்டுத் திருத்துங்கள். இரண்டு எடிட்டரையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறவர்கள் கன்ட்ரோல்+எல் விஷயத்தில் கவனமாக இருங்கள். விஷுவல் ஸ்டுடியோ கோடில் அது வரியைத் தேர்ந்தெடுக்கும், நோட்பேட்++-இல் வரியை வெட்டிவிடும். இரண்டில் ஒன்றை மாற்றி ஒரே பொருளாக்கிக்கொள்வது, புதிதாக ஐந்து விசை அமைப்பதைவிட அவசரமான வேலை.

லிப்ரெஆபிஸில் டூல்ஸ், கஸ்டமைஸ், கீபோர்டு தாவல். வலது மேல் மூலையில் லிப்ரெஆபிஸ், ரைட்டர் என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். ரைட்டரில் வைத்தது பொதுவில் வைத்ததை மீறும். பிரெஞ்சு அமைப்பில் ஆங்கிலப் பலகை வைத்து வேலை செய்கிறவர்கள் இங்கே வந்து கன்ட்ரோல்+க்யூ, கன்ட்ரோல்+டபிள்யூ இரண்டையும் பட்டியலில் தேர்ந்தெடுத்து டெலீட் பொத்தானால் விலக்கிவிடலாம். மூடுவதற்கு ஆல்ட்+எஃப்4 இருக்கவே இருக்கிறது. சேவ் பொத்தானால் இந்த அமைப்பைத் தனிக் கோப்பாக எடுத்து அடுத்த கணினியில் லோட் செய்யலாம். வேர்டில் இதே வேலைக்கு ஃபைல், ஆப்ஷன்ஸ், கஸ்டமைஸ் ரிப்பன், அடியில் கீபோர்டு ஷார்ட்கட்ஸ். புதிய விசையை அமுக்கியதும் ‘கரன்ட்லி அசைன்டு டு’ என்ற வரியைப் படித்துவிட்டு அசைன் செய்யுங்கள்.

விம் பயன்படுத்துகிறவர்களுக்குத் தமிழில் தனித் துன்பம் உண்டு. தமிழ் அமைப்பு இயங்கும்போது கட்டளை நிலைக்கு வந்தால் ஜே, கே எதுவும் வேலை செய்யாது. அவை தமிழ் எழுத்துகளாகவே விழும். இயங்குதளத்தின் மொழியை ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டு, விம்மின் கீமேப் வசதியில் ஒரு தமிழ் எழுத்து அட்டவணையைக் கொடுப்பதுதான் சரி. எழுதும் நிலையில் கன்ட்ரோல்+6 அமுக்கித் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறலாம். கட்டளை நிலை எப்போதும் ஆங்கிலத்திலேயே இருக்கும்.

ஒன்று மென்பொருளைச் சேர்ந்தது அல்ல. தேவனாம்பட்டினம் பக்கமோ புதுச்சேரி கடற்கரைச் சாலைப் பக்கமோ ஜன்னல் திறந்த அறைகளில் உப்புக் காற்று விசைப்பலகையின் தொடர்புப் புள்ளிகளை அரித்துவிடும். கன்ட்ரோலோ ஷிஃப்டோ பாதி அமுங்கி நின்றுவிட்டால் ஒவ்வொரு எழுத்தும் குறுக்குவிசையாகிவிடும்: எஸ் அடித்தால் சேமிக்கும், எஃப் அடித்தால் தேடல் திறக்கும். விண்டோஸ் விசை+கன்ட்ரோல்+ஓ அமுக்கினால் திரை விசைப்பலகை வரும். அதில் எந்தத் துணைவிசை நிறம் மாறி நிற்கிறது என்று தெரியும். அந்த விசையை இருபுறமும் ஒருமுறை அமுக்கி விட்டுப் பாருங்கள். தொலைக் கணினி இணைப்பிலிருந்து வெளியே வரும்போது துணைவிசை அமுங்கியபடியே நின்றுவிடும் கோளாறு இத்தோடு சரியாகிவிடும். சரியாகவில்லை என்றால் விசைப்பலகையின் இணைப்பைக் கழற்றுங்கள். அப்போது கோளாறு போனால் குற்றவாளி பலகைதான். ஷிஃப்டை ஐந்து முறை தொடர்ந்து தட்டியதால் ஸ்டிக்கி கீஸ் இயங்கிவிட்டதா என்பதையும் பார்த்துவிடுங்கள். அது ஒரே கையால் அடிப்பவர்களுக்கும் விரல் நடுக்கம் உள்ளவர்களுக்கும் பெரிய உதவி, பொதுக் கணினியில் அதை முற்றிலும் நீக்கிவிடாதீர்கள்.

அமைத்ததைப் பத்திரப்படுத்த, விஷுவல் ஸ்டுடியோ கோடில் செட்டிங்ஸ் சிங்க் போதும். அது குறுக்குவிசைகளை இயங்குதளவாரியாகத் தனித்தனியே வைத்துக்கொள்ளும் என்பதால் விண்டோஸில் அமைத்தது லினக்ஸில் தானாக வராது. பலர் மாறி மாறி உட்காரும் மேசை என்றால், மாற்றிய விசைகளை மட்டும், இருபதுக்கு மிகாமல், ஒரு தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டி வையுங்கள். அடுத்த ஷிஃப்டுக்கு வருகிறவர் கன்ட்ரோல்+எல் அடிப்பதற்கு முன் அதைப் பார்க்க வேண்டும்.